எடை அலகுகளை மாற்றுவதும் ஒரு கோளின் நிறையைக் கணக்கிடுவதும்: ஒரு வழிகாட்டி

பவுண்டைக் கிலோகிராமாக மாற்றுவதும் வியாழனின் நிறையைக் கிலோகிராமில் சொல்வதும் தொடர்பில்லாத வேலைகளாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: கையில் உள்ள ஓர் எண்ணை ஏதோவொரு காரணியால் பெருக்கியோ வகுத்தோ வேறோர் அலகில் எழுதுகிறோம். அந்தக் காரணி எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பவுண்டுக்குரிய காரணி நாடுகள் கூடி வரையறுத்த எண்ணாதலால் அதில் பிழைக்கு இடமில்லை. வியாழனுக்குரிய காரணி ஆய்வுக்கூடத்தில் அளந்து பெறப்பட்டதாதலால் அதில் பிழை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காரணியைத் தொடும்போதும் இது வரையறையா, அளவீடா என்று கேட்டுக்கொண்டால், விடையில் எத்தனை இலக்கங்களை நம்பலாம் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். கீழே சொல்லப்படும் கணக்குகளுக்குப் பள்ளி இறுதி வகுப்புக் கணிதமும் அடுக்குகளைக் கையாளத் தெரிந்த ஒரு கணிப்பானும் போதும்.

நிறையையும் எடையையும் பிரித்துக்கொள்ளுதல்

நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அதன் அலகு கிலோகிராம். எடை என்பது அப்பொருளை ஒரு கோளோ நிலவோ இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். நிறையை அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை, ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/விநாடி² ஆக உள்ள பூமியில் 588 நியூட்டன், 3.71 ஆக உள்ள செவ்வாயில் ஏறத்தாழ 223 நியூட்டன், 1.62 ஆக உள்ள நம் நிலவில் ஏறத்தாழ 97 நியூட்டன். நிறை மூன்று இடத்திலும் 60 கிலோகிராமே.

அன்றாடப் பேச்சில் எடையைக் கிலோகிராமில் சொல்வதில் தவறொன்றும் இல்லை. நாம் அனைவரும் ஏறத்தாழ ஒரே ஈர்ப்பு முடுக்கத்தில் வாழ்வதால் அது செல்லுபடியாகிறது. ஆனால் ‘ஏறத்தாழ’ என்ற சொல்லை மறக்கக் கூடாது. கடல்மட்டத்தில் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, துருவங்களில் 9.832. நிலநடுக்கோட்டில் சரிபார்த்து அமைத்த ஒரு சுருள்வில் தராசைத் துருவத்துக்குக் கொண்டுபோனால், 60 கிலோகிராம் நிறையுள்ளவரை அது 60.3 கிலோகிராம் என்று காட்டும். இரு தட்டுத் தராசில் இந்தச் சிக்கல் எழாது. படிக்கல்லும் பொருளும் ஒரே ஈர்ப்புக்கு உட்படுவதால் அது எந்தக் கோளிலும் நிறையையே ஒப்பிடுகிறது.

பூமியின் எடை எவ்வளவு என்று பலர் கேட்பதுண்டு. எடை என்பது வேறொன்று இழுக்கும் விசையாதலால், எது இழுக்கிறது என்று சொல்லாதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. கேட்க வேண்டியது நிறையைப் பற்றித்தான்.

அலகு மாற்றத்தை ஒரே எண்ணிலிருந்து தொடங்குதல்

மாற்று அட்டவணைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்து மற்றவற்றை வருவித்துக்கொள்வது மேல். அந்த எண் 0.45359237. ஒரு பவுண்டு துல்லியமாக இத்தனை கிலோகிராம் என்று 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் உடன்பட்டன. அதன்பின் பவுண்டுக்குத் தனியாக ஒரு மூலப் படிக்கல் தேவைப்படவில்லை; கிலோகிராமே அதன் தாய் அலகாயிற்று. கிலோகிராமும் 1889 முதல் ஓர் உலோக உருளையைச் சார்ந்திருந்து, 2019 மே 20 முதல், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்கு நிர்ணயிக்கப்பட்ட மதிப்பைச் சார்ந்து நிற்கிறது.

இனி வருவிப்பது எளிது. ஒரு பவுண்டில் 16 அவுன்ஸ். ஆகவே ஓர் அவுன்ஸ் 28.349523125 கிராம். 14 பவுண்டு ஒரு ஸ்டோன். ஆகவே அது 6.35029318 கிலோகிராம். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன்; ஆகவே ஒரு கிரெய்ன் 64.79891 மில்லிகிராம். இவை எவற்றிலும் தோராயம் கிடையாது. வேண்டிய இடத்தில் நாமே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் பலருக்கு வரும். அதற்குச் சிறந்த வழி, அலகையும் எண்ணைப் போலவே எழுதி, மேலும் கீழும் அடித்துக்கொண்டுபோவதாகும். 158 பவுண்டைக் கிலோகிராமாக்க வேண்டுமென்றால், 158 பவுண்டு × (0.45359237 கிலோகிராம் ÷ 1 பவுண்டு) என்று எழுதினால் பவுண்டும் பவுண்டும் அடிபட்டுக் கிலோகிராம் மட்டும் மிஞ்சும், விடை 71.7 கிலோகிராம். தவறுதலாக வகுத்திருந்தால் அலகு ‘பவுண்டு² ÷ கிலோகிராம்’ என்று வந்து நின்று, பிழையை அதுவே காட்டிக்கொடுக்கும். நேரம் பிடிப்பது போலத் தோன்றும் இந்தப் பழக்கத்தைச் சிறிய கணக்குகளிலேயே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது; கோளின் நிறைக்குப் போகும்போது இதைத் தவிர வேறு கைப்பிடி இருக்காது.

காரணி துல்லியமானது என்பதால் விடையும் துல்லியமாகிவிடாது. 158 பவுண்டு என்பது அரைப் பவுண்டு முன்பின்னாக இருக்கலாம் என்னும்போது, கணிப்பான் காட்டும் 71.66759446 என்பதில் கடைசி ஏழு இலக்கங்களுக்குப் பொருளே இல்லை. இடைக் கணக்கில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, இறுதியில் மட்டும், உள்ளே போன எண்ணுக்கு எத்தனை முக்கிய எண்ணுருக்களோ அத்தனைக்கு முழுமையாக்க வேண்டும்.

ஒரே பெயரில் வெவ்வேறு அலகுகள்

உண்மையான இழப்புகள் பெரும்பாலும் பெருக்கலில் நேர்வதில்லை. ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு அலகுகளை ஒன்றென்று கொள்வதில் நேர்கின்றன. தங்கமும் வெள்ளியும் விலைபேசப்படும் ட்ராய் அவுன்ஸ் 480 கிரெய்ன், அதாவது 31.1034768 கிராம்; பொது அவுன்ஸைவிட ஏறத்தாழ 10% கூடுதல். ஆனால் ட்ராய் பவுண்டில் 12 அவுன்ஸ் மட்டுமே இருப்பதால் அது 373.24 கிராமாக, பொதுப் பவுண்டைவிடக் குறைந்துவிடுகிறது. அவுன்ஸில் கனம், பவுண்டில் இலேசு என்னும் இந்த முரண், எந்த அவுன்ஸ் என்று கேட்காமல் கணக்கைத் தொடங்கவே கூடாது என்பதற்குப் போதிய காரணம்.

டன்னும் அப்படியே. மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். பழைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016.05 கிலோகிராம், அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907.18 கிலோகிராம். 500 டன் சரக்கு என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பெரிய டன்னுக்கும் சிறிய டன்னுக்கும் இடையில் 54 மெட்ரிக் டன் வேறுபாடு ஒளிந்துகொள்ள முடியும். நவமணிகளுக்கான கேரட் 0.2 கிராம் என்று நிலைபெற்றுவிட்டதால் அதில் தொல்லை இல்லை. தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் கேரட் எடையே அன்று.

விசைக்கும் நிறைக்கும் ஒரே பெயர் வழங்கும்போது விளைவு இன்னும் கடுமையாகலாம். பொறியியலில் பவுண்டு விசை என்பது ஒரு பவுண்டு நிறையைத் திட்ட ஈர்ப்பு முடுக்கமான 9.80665 மீட்டர்/விநாடி² இழுக்கும் விசை, அது 4.448 நியூட்டனுக்குச் சமம். 1999-இல் செவ்வாயை நோக்கிச் சென்ற மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்துக்கான மென்பொருள் ஒன்று உந்துகைத் தரவைப் பவுண்டு விசை-விநாடியில் தர, அதைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. பாதைக் கணிப்பில் 4.45 மடங்குப் பிழை சேர்ந்துகொண்டே வந்து, செப்டம்பர் 23 அன்று விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி இழக்கப்பட்டது.

கன அளவிலிருந்து நிறைக்கு மாறும்போது காரணியின் தன்மையே மாறிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். லிட்டரைக் கிலோகிராமாக்கும் காரணி அடர்த்தி. அது பொருளுக்குப் பொருள், வெப்பநிலைக்கு வெப்பநிலை வேறுபடும் ஓர் அளவீடு. 1983 ஜூலை 23 அன்று கனடாவின் வானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுபாதையில் சறுக்கி இறங்கிய போயிங் 767 விமானத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருந்தது. தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. ஒரு லிட்டருக்கு 1.77 என்ற காரணியால் பெருக்கி, 13,597 கிலோகிராம் இருப்பதாகக் கொண்டார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை பவுண்டில். கிலோகிராமில் அது 0.803. உண்மையில் இருந்தது 6,169 கிலோகிராம் மட்டுமே. நிரப்ப வேண்டியது ஏறத்தாழ 20,000 லிட்டராக இருக்க, 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டது. காரணியின் அருகில் ‘பவுண்டு ÷ லிட்டர்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் கிலோகிராம் வராது என்பது கண்ணில் பட்டிருக்கும். நல்வேளையாக விமானத்தில் இருந்த எவரும் உயிரிழக்கவில்லை.

கோளின் நிறை: தரையில் விழும் பொருளிலிருந்து

ஒரு கோளைத் தராசில் ஏற்ற வழியில்லை. அது வேறு பொருள்களை எவ்வளவு வேகமாகத் தன்பால் இழுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதன் நிறையை அறிய முடியும். இழுக்கப்படும் பொருளின் நிறை கணக்கிலிருந்து அடிபட்டுப்போவதே இம்முறையின் அடிப்படை. ஒரே இடத்தில் கல்லும் இரும்புக் குண்டும் ஒரே முடுக்கத்துடன் விழுகின்றன. ஆகவே விழுவது எது என்று அறியத் தேவையில்லை.

கோளின் மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கமும் கோளின் ஆரமும் தெரிந்தால் போதும்:

நிறை = ஈர்ப்பு முடுக்கம் × ஆரம்² ÷ ஈர்ப்பு மாறிலி

ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு 6.6743 × 10⁻¹¹ மீட்டர்³ ÷ (கிலோகிராம் × விநாடி²). பூமிக்கு ஈர்ப்பு முடுக்கம் 9.81 மீட்டர்/விநாடி², சராசரி ஆரம் 6.371 × 10⁶ மீட்டர். ஆரத்தின் வர்க்கம் 4.059 × 10¹³, 9.81 ஆல் பெருக்கினால் 3.982 × 10¹⁴. மாறிலியால் வகுத்தால் 5.966 × 10²⁴ கிலோகிராம். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 5.972 × 10²⁴. பூமி சுழல்வதையும் துருவங்களில் தட்டையாக இருப்பதையும் முற்றிலும் புறக்கணித்த ஒரு கணக்குக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு மிக நல்ல விடை.

இக்கணக்கில் முடுக்கத்தை ஓர் ஊசல் கொண்டு அளந்துவிடலாம். ஆரத்தை நில அளவையிலிருந்து பெறலாம். மிஞ்சும் ஈர்ப்பு மாறிலிதான் கடினமானது. அதை அறிய வேண்டுமானால், நிறை முன்பே தெரிந்த இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்க வேண்டும். அந்த இழுப்போ மிக நுண்ணியது. ஜான் மிச்செல் வடிவமைத்து, சோதனை செய்யாமலே விட்டுச்சென்ற முறுக்குத் தராசைத் திருத்தியமைத்து, ஹென்றி கேவண்டிஷ் 1797-98இல் லண்டனில் இதைச் செய்துகாட்டினார். ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள தடியின் இரு முனைகளிலும் 0.73 கிலோகிராம் ஈயக் குண்டுகள் தொங்க, அவற்றின் அருகே 158 கிலோகிராம் எடைகொண்ட இரு பெரிய குண்டுகளை நகர்த்தி, தடி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். காற்றசைவும் உடல் வெப்பமும் கெடுத்துவிடும் என்பதால், கருவியை அறைக்குள் பூட்டிவைத்து வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாக அளவுகோலைப் படித்தார். அவர் தேடியது பூமியின் சராசரி அடர்த்தியைத்தான். நீரைப் போல் 5.48 மடங்கு என்று அவர் வெளியிட்டார். அவருடைய அளவீடுகளைக் கொண்டே சரியாகக் கூட்டிப்பார்த்தால் 5.448 வருகிறது என்று பின்னாளில் பிரான்சிஸ் பெய்லி கண்டறிந்தார். இன்றைய மதிப்பு 5.51. அடர்த்தியைப் பூமியின் கன அளவான 1.083 × 10²¹ கன மீட்டரால் பெருக்கினால் நிறை வந்துவிடும். 5,480 கிலோகிராம்/மீட்டர்³ என்று எடுத்தால் 5.93 × 10²⁴ கிலோகிராம்.

கோளின் நிறை: சுற்றிவரும் நிலவிலிருந்து

நாம் போய் நிற்க முடியாத கோளுக்கு, அதைச் சுற்றும் நிலவே விழும் கல்லின் வேலையைச் செய்கிறது. சூத்திரம் இது:

நிறை = 4 × பை² × தூரம்³ ÷ (ஈர்ப்பு மாறிலி × சுற்றுக்காலம்²)

வியாழனின் நிலவான அயோவை எடுத்துக்கொள்வோம். வியாழனின் மையத்திலிருந்து அதன் சராசரித் தூரம் 4,21,700 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.7691 நாள். கணக்கில் இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் மீட்டருக்கும் விநாடிக்கும் மாற்றிவிட வேண்டும்: 4.217 × 10⁸ மீட்டர், 1.7691 × 86,400 = 1,52,850 விநாடி. தூரத்தின் கனம் 7.499 × 10²⁵, அதை 39.478 ஆல் பெருக்க 2.9605 × 10²⁷. சுற்றுக்காலத்தின் வர்க்கம் 2.3363 × 10¹⁰. ஈர்ப்பு மாறிலியால் பெருக்க 1.5593. வகுத்தால் 1.899 × 10²⁷. அலகுகளைச் சரிபார்த்தால், மேலே மீட்டர்³, கீழே மீட்டர்³ ÷ கிலோகிராம், மிஞ்சுவது கிலோகிராம். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 1.898 × 10²⁷ கிலோகிராம்.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, கிலோமீட்டரை மீட்டராக்க மறப்பது; தூரம் கனமாவதால் விடை நூறு கோடி மடங்கு சிறுத்துவிடும். இரண்டாவது, மையத்திலிருந்து அளக்க வேண்டிய தூரத்தைத் தரையிலிருந்து அளப்பது. பூமியின் மேல் 420 கிலோமீட்டர் உயரத்தில் 92.8 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு பூமியின் நிறையைக் காண்பவர், 420-உடன் பூமியின் ஆரமான 6,371-ஐக் கூட்டி 6,791 கிலோமீட்டர் என்றே எடுக்க வேண்டும். கூட்ட மறந்தால் பூமி நான்காயிரம் மடங்குக்கும் மேல் இலேசாகிவிடும்.

தூரத்தை எப்படி அறிவது? தொலைநோக்கியில் நாம் காண்பது கோணத்தை மட்டுமே. வியாழன் நமக்கு மிக அருகில், 4.2 வானியல் அலகு (ஒரு வானியல் அலகு ஏறத்தாழப் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவில் இருக்கும்போது, அயோ அதிலிருந்து அதிகபட்சம் ஏறத்தாழ 138 வில்விநாடி (ஒரு வில்விநாடி பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) விலகித் தெரியும். கோணத்தை ரேடியனாக்க 206,265 ஆல் வகுத்து வியாழனின் தொலைவால் பெருக்கினால் சுற்றுப்பாதையின் ஆரம் ஏறத்தாழ 4.2 லட்சம் கிலோமீட்டர் என்று கிடைக்கும். சில இரவுகள் தொடர்ந்து நிலவின் நிலையைக் குறித்துவைத்தால் சுற்றுக்காலமும் கிடைத்துவிடும். காலத்தை எளிதில் துல்லியமாக அளக்கலாம், கோணம்தான் படுத்தும். அதிலும் தூரம் கனமாக வருவதால், அதில் 1% பிழை நிறையில் 3% ஆகப் பெருகும்; காலத்தில் 1% பிழை 2% ஆகும். ஆகவே உழைப்பைக் கோணத்தில் செலவிடுவதே அறிவுடைமை.

கோணத்தோடு பெருக்கப்படும் கோளின் தொலைவு தவறானால் என்ன நேரும் என்பதை நியூட்டனின் எண்களே காட்டுகின்றன. 1726-இல் அவர் தந்த கடைசிக் கணக்கில் வியாழனின் நிறை சூரியனில் 1,067-இல் ஒரு பங்கு. இன்றைய மதிப்பு 1,047-இல் ஒரு பங்கு. பூமிக்கோ அவர் 1,69,282-இல் ஒரு பங்கு என்றார். சரியான மதிப்பு 3,32,946-இல் ஒரு பங்கு. ஒரே மூளை, ஒரே விதி. ஒன்று 2% பிழை, மற்றொன்று இரு மடங்குப் பிழை. வியாழனையும் அதன் நிலவையும் சூரியனோடு ஒப்பிடும்போது தூரங்களின் விகிதம் மட்டுமே போதும். விகிதங்கள் அன்றே நன்கு தெரிந்திருந்தன. பூமியை ஒப்பிடும்போது சூரியனின் தொலைவைப் பூமியின் ஆரத்தால் அளந்து சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று அவ்வளவு ஐயத்துக்கு இடமான அந்தத் தொலைவை ஒட்டிய வானியல் அலகு, 2012 முதல் 149,597,870,700 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அளவீடாக இருந்த காரணி வரையறையாக மாறிய மற்றொரு நிகழ்ச்சி இது.

இச்சூத்திரம் உண்மையில் தருவது கோளும் நிலவும் சேர்ந்த நிறை. அயோவின் நிறை வியாழனில் இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாததால் நாம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நம் நிலவை வைத்துக் கணக்கிட்டால் அப்படி விட முடியாது. 3,84,400 கிலோமீட்டர், 27.3217 நாள் என்று இட்டால் 6.03 × 10²⁴ வருகிறது, நிலவின் 0.073 × 10²⁴-ஐக் கழித்தால் பூமிக்கு 5.96 × 10²⁴. இன்னமும் ஏறத்தாழ 0.3% குறைவாக இருப்பதற்குக் காரணம், நிலவைச் சூரியனும் இழுத்துக்கொண்டிருப்பது. இரு பொருள்களுக்கு மட்டுமான சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

கிலோகிராம் என்னும் பலவீனமான கண்ணி

சுற்றுப்பாதையிலிருந்து நேரடியாகக் கிடைப்பது நிறை அன்று. ஈர்ப்பு மாறிலியும் நிறையும் சேர்ந்த பெருக்கற்பலன். பூமிக்கு அது 3.986004418 × 10¹⁴ மீட்டர்³/விநாடி². இதில் ஐயம் நூறு கோடியில் இரண்டு பங்குதான். ஈர்ப்பு மாறிலியில் உள்ள ஐயமோ பத்து லட்சத்தில் 22 பங்கு. அடிப்படை மாறிலிகளில் இவ்வளவு தெளிவற்றது வேறெதுவும் இல்லை எனலாம். முன்னதைப் பின்னதால் வகுத்துக் கிலோகிராமில் எழுதிய அந்தக் கணமே, பத்தாயிரம் மடங்குத் துல்லியத்தைக் கைவிட்டுவிடுகிறோம். பூமியின் நிறையில் எஞ்சும் ஐயம் 1.3 × 10²⁰ கிலோகிராம். சீரிஸ் என்னும் குறுங்கோளின் மொத்த நிறையில் ஏழில் ஒரு பங்கு. எனவே பூமியின் நிறையை ஐந்து இலக்கங்களுக்கு மேல் எழுதிய எந்த அட்டவணையையும் ஐயத்தோடு பார்க்கலாம்.

விண்கலங்களை ஓட்டுபவர்கள் இதனால்தான் கிலோகிராமுக்குப் போவதே இல்லை; பெருக்கற்பலனையே பயன்படுத்துகிறார்கள். வானியலாளர்களும் கோள்களைப் பூமி நிறையிலோ வியாழன் நிறையிலோ சொல்கிறார்கள். வியாழன் 317.8 பூமி நிறை, சூரியன் 1,047 வியாழன் நிறை என்னும்போது இரண்டு பெருக்கற்பலன்களை வகுக்கிறோம். ஈர்ப்பு மாறிலி மேலும் கீழுமாக அடிபட்டுப்போகிறது. படிப்பவருக்கும் இதுவே எளிது. 8.68 × 10²⁵ கிலோகிராம் என்றால் எவருக்கும் ஒன்றும் தோன்றாது, அதை 5.972 × 10²⁴ ஆல் வகுத்து, யுரேனஸ் 14.5 பூமிகளுக்குச் சமம் என்றால் புரிகிறது.

நிலவில்லாத கோள்கள்

புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவு இல்லை. அவை அண்டைக் கோள்களையும் வால்மீன்களையும் சிறிதளவு விலக்கி இழுப்பதைக் கொண்டு நிறையை ஊகிப்பதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. அது பல ஆண்டு உழைப்பைக் கேட்டும் திருப்தி தராத வழி. ஒரு நிலவு கிடைத்துவிட்டால் நிலைமை எப்படி மாறும் என்பதற்குப் புளூட்டோ சான்று. பூமிக்கு இணையாகக்கூட இருக்கலாம் என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்ட அதன் நிறை, 1978-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி கேரான் என்னும் நிலவைக் கண்டபின், பூமியில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்குதான் என்று தெரியவந்தது.

நிலவில்லாத கோளுக்கு நாமே ஒரு பொருளை அனுப்பலாம். 1962 டிசம்பரில் மரினர் 2 வெள்ளியையும், 1974-இல் மரினர் 10 புதனையும் கடந்துசென்றபோது, அவற்றின் வானொலி அலைவெண்ணில் ஏற்பட்ட டாப்ளர் மாற்றத்திலிருந்து, அதாவது வேகத்துக்கேற்ப அலைவெண் கூடிக்குறைவதிலிருந்து, கோள்களின் இழுவையைக் கணித்தார்கள். இம்முறையின் நுண்மை வியப்பூட்டுவது: 8.4 கிகாஹெர்ட்சில் போய்த் திரும்பும் அலையில், விண்கலத்தின் வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் மாறினாலே அலைவெண் 0.056 ஹெர்ட்ஸ் நகரும். அதை அளந்துவிட முடிகிறது. 1989-இல் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தபின் அக்கோளின் நிறை ஏறத்தாழ 0.5% குறைத்துத் திருத்தப்பட்டது. அரை விழுக்காடு என்றாலும் அது செவ்வாயின் நிறையோடு ஒப்பிடத்தக்க அளவு. திருத்திய நிறையை இட்டதும், யுரேனஸின் பாதையில் பிசகு இருப்பதாகவும் அதற்குக் காணாத கோள் ஒன்று காரணம் என்றும் சொல்லப்பட்டுவந்த வாதம் அடிப்படை இழந்தது.

வேறு விண்மீன்களின் கோள்கள்

புறக்கோள்களில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரிவதில்லை. கோள் இழுப்பதால் விண்மீன் முன்னும் பின்னும் ஆடுவதுதான் தெரிகிறது. வியாழன் சூரியனை விநாடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமியோ 9 சென்டிமீட்டர் வேகத்தில் மட்டும். கோளின் பாதை வட்டமாகவும் அதன் நிறை விண்மீனைவிட மிகக் குறைவாகவும் இருந்தால், கணக்கு இவ்வாறு அமையும்: சுற்றுக்காலத்தை 2 × பை × ஈர்ப்பு மாறிலி என்பதால் வகுத்துக் கனமூலம் எடுக்க வேண்டும், விண்மீன் நிறையின் வர்க்கத்துக்குக் கனமூலம் எடுக்க வேண்டும், இவ்விரண்டையும் ஆட்ட வேகத்தையும் ஒன்றாகப் பெருக்க வேண்டும்.

1995-இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோசும் அறிவித்த 51 பெகாசி பி கோளுக்கு இதைச் செய்துபார்க்கலாம். ஆட்ட வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர், சுற்றுக்காலம் 4.23 நாள், அதாவது 3.655 × 10⁵ விநாடி. விண்மீனின் நிறை ஏறத்தாழ 1.1 சூரியன், அதாவது 2.19 × 10³⁰ கிலோகிராம். முதல் கனமூலம் 9.55 × 10⁴, இரண்டாவது 1.69 × 10²⁰. மூன்றையும் பெருக்கினால் 9.0 × 10²⁶ கிலோகிராம். வியாழனின் 1.898 × 10²⁷ ஆல் வகுத்தால் 0.47 வியாழன் நிறை.

இந்த விடை கீழெல்லை மட்டுமே. சுற்றுப்பாதையின் தளம் நம் பார்வைக் கோட்டுக்குச் சாய்ந்திருந்தால், ஆட்டத்தின் ஒரு பகுதிதான் நம்மை நோக்கி விழும். பாதையின் செங்குத்து நம் பார்வைக் கோட்டோடு அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால்தான் முழு நிறை கிடைக்கும். கோணம் 90 பாகையானால் விடையில் மாற்றமில்லை. 30 பாகையானால் இரண்டு மடங்கு. கோள் தன் விண்மீனின் முகப்பைக் கடந்து ஒளியை மறைப்பதையும் நாம் காண முடிந்தால், கோணம் 90 பாகைக்கு மிக அருகில் உள்ளது என்பது உறுதியாகி, கணக்கிட்ட எண்ணையே கோளின் நிறையாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் அதன் துல்லியத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் விண்மீனின் நிறைதான். அதை 5% ஐயத்தோடு அறிந்திருந்தால், கோளின் நிறையில் அதனால் மட்டும் ஏறத்தாழ 3% ஐயம் சேரும்.